நூல் கட்டாத ஊசி

பல் டாக்டர் காயாரோகணம் நன்னிலம் கடைத்தெருவில் வந்து உட்கார்ந்த புதிதில், கருவி கழுவ ஒரு ஆள் வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். வந்து நின்றவன் துரைக்கண்ணு. ஐந்தாவது வரை படிப்பு. அப்பன் பண்ணையாள், அம்மா பண்ணையாள், இவனும் நினைவு தெரிந்த நாளாகப் பண்ணை மாட்டின் பின்னால் நடந்தவன். டாக்டர் அவன் கையை நீட்டச் சொன்னார். விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு வா என்றார். அந்த நாளைக்கு, முப்பத்தொரு வருஷம் நீண்டது.

அவன் ஊரான வடகட்டளைக் கீழத்தெருவில் வெள்ளைச் சட்டை போட்ட முதல் ஆள் அவன்தான். சும்மா சொல்லக் கூடாது, வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டான். கருவிகளைக் கொதிக்க வைப்பான். பல் அடைக்கிற சுண்ணாம்பைப் பதமாகக் குழைப்பான். டாக்டர் வாய் திறந்து கேட்கும் முன்னால் அடுத்த கருவி அவர் உள்ளங்கையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் கட்டுவான்.

அந்த நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லின் வேரில் சீழ் பிடித்தால் உள்ளே விட்டுச் சுரண்டி எடுக்க ஒரு ஊசி உண்டு. தையல் ஊசியைவிட மெலிசு. ஒரு அங்குல நீளம், தலையில் நெல்மணி அளவுக்கு ஒரு பிடி. எச்சில் ஊறுகிற வாய்க்குள் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருக வேண்டும். படுத்திருக்கிறவர் ஒரு தடவை திமிறினால் போதும், வழுக்கிவிடும். நாக்கில் விழுந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். மூச்சுக் குழாய்க்குள் போனால்தான் எமன்.

டாக்டருக்கு நாகப்பட்டினம் கடற்கரை. கடல் மேல் போய் மீன் பிடிக்கிற குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். அவருடைய அண்ணன் மாதம் ஒரு முறை கருவாடும் வலை பின்னுகிற நைலான் நூலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அந்த நூலில் ஒன்றரை அடி வெட்டி, ஊசியின் பிடிக்குக் கீழே வலை முடிச்சுப் போட்டு, மறு நுனியை நோயாளியின் கழுத்துத் துண்டில் கவ்வி மாட்டிவிட வேண்டும். ஊசி தவறினால் நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நூல் கட்டாத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. டாக்டர் வைத்திருந்த ஒரே சட்டம் இதுதான். பதினைந்து வருஷம் அந்தச் சட்டம் ஒரு நாளும் தவறவில்லை.

அது தவறியது, குடியிருப்பு மனைச் சட்டம் வந்த மறு வருஷம். மிராசுதாரின் இடத்தில் குடிசை போட்டு இருக்கிற கூலியாளுக்கு அந்தக் குடிசையடி மண் சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. சொன்னது கோட்டையில். மண் இருந்தது பண்ணையில். ஒவ்வொரு ஊரிலும் தாசில்தார் விசாரணை வைத்தார். இந்த ஆள் இங்கே குடியிருக்கவே இல்லை, எங்கள் வைக்கோல் போர் கிடந்த இடம் அது என்று பண்ணைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலியிலும் தகராறு. மரக்கால் கணக்கில் கூட்டிக் கேட்டதற்கு, வடகட்டளைப் பண்ணையில் வெளியூர் ஆளை இறக்கினார்கள். பெண்கள் வரப்பில் குறுக்கே நின்றார்கள். முன்னால் நின்றவள் ராசம்மாள். எவனோ வீசிய கம்பு அவள் வாயில் பட்டு, மேல் முன்பல் பாதியாக முறிந்தது.

ராசம்மாள் துரைக்கண்ணுவுக்குப் பெரியப்பா மகள். சின்ன வயதில் இவனை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கித் திரிந்தவள். முறிந்த பல்லை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாசி பிறந்ததும் உதடு வீங்கிச் சீழ் வைத்தது. மறுநாள் தாசில்தார் ஆபீசில் அவளுடைய மனைக்கு விசாரணை. வீங்கிய வாயோடு பேசினால் பாதிச் சொல் வெளியே வராது. அதனால்தான் நன்னிலத்துக்கு வந்தாள்.

அன்றைக்குப் பார்த்துப் பெஞ்சில் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். வடகட்டளைப் பண்ணையின் காரியக்காரர். களத்தில் நெல் அளப்பதும், ஆளைச் சேர்ப்பதும், ஆளைத் தள்ளுவதும் அவர்தான். மறுநாள் விசாரணையில் பண்ணைக்காகச் சாட்சி சொல்லப் போகிறவரும் அவர்தான். ஈறு வீங்கி, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெஞ்சுக்கும் டாக்டர் நாற்காலிக்கும் நடுவில் அரைத் திரை. அது பாதி நேரம் ஒதுங்கியே கிடக்கும்.

காரியக்காரரைக் கண்டதும் ராசம்மாள் வாசலிலேயே ஒதுங்கி நின்றாள். துரைக்கண்ணு உள்ளே வாங்க என்று கூப்பிட்டான். அக்கா என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லை அவன் விழுங்கியதை அவள் கவனித்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும், நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று எல்லோரிடமும் சொல்கிற மாதிரி டாக்டர் அவளிடமும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். பெரிய மனுஷர் முன்னால் கையைத் தூக்கிப் பழகாத கை. அது துரைக்கண்ணுவுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

முதல் ஊசிக்கு நூல் கட்டிக் கொடுத்தான். டாக்டர் சுரண்டினார், சீழ் வந்தது. இன்னும் கொஞ்சம் தடித்த ஊசி கேட்டார். துரைக்கண்ணு அதை எடுத்து, நூலை வெட்டி, முடிச்சுப் போட விரலை வளைத்தான். அப்போதுதான் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டா தொரக்கண்ணு, நடவுக்காரி வாய்க்கு நூலென்ன நூலு? பட்டம் வுடப் போறியா?"

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. துரைக்கண்ணுவின் காது சுட்டது. பதினைந்து வருஷ வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் கழன்று விழுந்து, அக்குளில் துண்டோடு களத்து மேட்டில் நிற்கிற பையனாக ஆகிவிட்டான். வளைந்த விரல் நின்றது. நூலைத் தட்டில் போட்டான். ஊசியை வெறுமனே எடுத்து டாக்டர் கையில் வைத்தான்.

டாக்டர் பார்க்கவில்லை. அவர் கண் பல்லின் ஓட்டையில் இருந்தது. பதினைந்து வருஷம் நூலோடு வந்த ஊசி இன்றைக்கு மட்டும் நூல் இல்லாமல் வரும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்.

இரண்டு திருகு திருகியிருப்பார். ராசம்மாளுக்கு வலித்தது. கையைத் தூக்கவில்லை. பல்லைக் கடித்துப் பொறுக்கிறவள் மாதிரி மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்ததும் ஒரு இருமல் வெடித்தது. டாக்டரின் விரல் வெறும் விரலாக வெளியே வந்தது.

"நூல் எங்கடா?" என்றார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

துரைக்கண்ணு தட்டில் கிடந்த நூலைப் பார்த்தான். டாக்டர் அவளைத் தூக்கி முன்பக்கமாகக் குனிய வைத்தார். இருமு, நல்லா இருமு, வெளிய வந்துடும், வெக்கப்படாத என்றார். அவள் இரண்டு தடவை இருமினாள். நிமிர்ந்தபோது எதிரில் திரையை விலக்கிக்கொண்டு காரியக்காரர் நின்று வேடிக்கை பார்ப்பது தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்ட, கழுத்து நரம்பு புடைக்க, வந்த இருமலை உள்ளேயே அமுக்கினாள். அமுக்க அமுக்க அது அடங்கியும் போயிற்று.

போயிட்டுதுங்க என்றாள்.

எங்கே போனது என்று டாக்டர் கேட்டார். உள்ளாறதாங்க என்றாள். துண்டை உதறிப் பார்த்தார்கள். துப்புகிற பீங்கானைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அவள் சேலை மடிப்பு, நாற்காலி இடுக்கு, தரை, எங்கும் இல்லை.

டாக்டர் துரைக்கண்ணுவைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். "இருமல் நின்னுட்டா வயித்துக்குப் போயிட்டுதுன்னு நெனைக்காத. நெஞ்சுக்குள்ள போயிப் படுத்துக்கிட்டாலும் இருமல் நின்னுடும். எக்ஸ்ரே படத்துல பாத்தாதான் நம்பணும். குழாய் வுட்டு எடுக்கவும் ஆள் வேணும், அது தஞ்சாவூர்லதான் இருக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போவணும். தண்ணிகூடக் குடுக்காத" என்றார். கடையை மூடிவிட்டு நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்தார். துரைக்கண்ணுதான் வேண்டாம் என்றான். பெஞ்சு நிறைய ஆள் இருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன் என்றான். டாக்டரோடு பஸ்ஸில் உட்கார்ந்து, நூல் ஏன் இல்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அவனுக்கு. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் வைத்துத்தான் அவளுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. தஞ்சாவூர் போனால் இரவு அங்கேதான். காலையில்தான் படம் எடுப்பார்கள். விசாரணையோ காலை பத்து மணிக்கு.

"ஒரு ஊசிக்காவ மனைய வுடச் சொல்றியா தம்பி?" என்றாள்.

விசாரணையை இன்னொரு நாள் வைப்பார்கள் என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"யாரு வைப்பா? நா வல்லன்னா அந்தாளு வந்து, பாத்தீங்களா, அவ இந்த ஊர்லயே இல்லம்பான். முடிஞ்சிது. எனக்கு ஒண்ணும் பண்ணல. மூச்சு நல்லா வருது, பாரு" என்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விட்டுக் காட்டினாள்.

தஞ்சாவூர் போக ஏற வேண்டிய கும்பகோணம் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. துரைக்கண்ணு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏறச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து ஏற்றியிருக்கலாம். அவளை அக்கா என்று கூப்பிடாதவனுக்கு அவள் கையைப் பிடித்து இழுக்க அப்போது உரிமை வரவில்லை. அந்த மனை அவளுக்கு எத்தனை பெரிது என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. அதே மாதிரி ஒரு குடிசையில் பிறந்தவன்தான் அவனும்.

மீன் முள் தொண்டையில் சிக்கினால் கீழத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் சோற்றைக் கை நிறைய உருட்டி, மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். பின்னாலேயே ஒரு பூவன் பழம். முள் சோற்றோடு இறங்கிவிடும். டாக்டர் தண்ணீர்கூட வேண்டாம் என்றது துரைக்கண்ணுவின் காதில் இருந்தது. ஆனாலும் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் சோறு வாங்கி, தன் கையாலேயே உருட்டிக் கொடுத்தான். அவள் நாலு உருண்டை விழுங்கினாள். பழத்தையும் விழுங்கினாள். நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். எறங்கிட்டுது தம்பி என்று சிரித்தாள். முறிந்த பல் தெரிந்தது. அவனுக்கும் இறங்கிவிட்டது என்று நம்ப வேண்டியிருந்தது. நம்பினான்.

டாக்டர்கிட்ட சொல்லிடாத, அவரு நல்ல மனுஷன், வண்டி வச்சித் தூக்கிட்டுப் போயிடுவாரு என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

மறுநாள் தாசில்தார் ஆபீசில் காரியக்காரர் கன்னத்துத் துண்டோடு வந்து, இவள் புருஷன் முருகையனுக்கு வேறு ஊர், இவள் அங்கேதான் இருக்கிறாள், நடவுக்கு மட்டும் வந்து போவாள் என்று சொன்னார். தாசில்தார் ராசம்மாளைப் பார்த்தார். அவள் சொன்னதை விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எம் மூணு புள்ளைவோ நஞ்சுக்கொடியும் அந்தக் கொல்லையிலதாங்க பொதச்சிருக்கு. மம்புட்டி எடுத்துக்கிட்டு வாங்க, எந்தெந்த இடம்னு காட்டறேன். காரியக்காரரு வூட்டுக் கொடி எங்க கெடக்குன்னு அவரும் காட்டட்டும்."

சொல்லி முடித்துவிட்டு இருமினாள். இரண்டே இரண்டு இருமல்தான். அன்றைக்கு அதை யாரும் எண்ணவில்லை.

துரைக்கண்ணு விசாரணைக்கு மறுநாள் வேலைக்குப் போனபோது டாக்டர் வாசலிலேயே நின்றார். படம் எடுத்தாயிற்றா என்றார். எடுத்தாச்சுங்கய்யா என்றான். எங்கே இருக்கிறது என்றார். வயித்துல என்றான். டாக்டருக்கு முகம் தெளிந்தது. வெளியே வருகிற வரைக்கும் தினமும் பார்க்கச் சொல், வந்தால் எனக்குக் காட்ட வேண்டும், காட்டாமல் நான் நம்ப மாட்டேன் என்றார். நூலைப் பற்றிக் கேட்கவே இல்லை. தப்பு செய்தவன் தானாகச் சொல்லட்டும் என்று விட்டிருப்பார்.

மழுங்கிப் போன ஊசிகளைப் போட்டுவைக்க ஒரு தகர டப்பா பின்கட்டில் இருந்தது. நாலாம் நாள் துரைக்கண்ணு அதிலிருந்து அதே தடிமனில் ஒன்றை எடுத்தான். சோடா உப்புப் போட்டுக் கழுவினான். காகிதத்தில் மடித்து டாக்டர் மேஜையில் வைத்தான். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியில் போட்டு, கருவி அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். இது இங்கேயே இருக்கட்டும், பார்க்கும்போதெல்லாம் நம் இரண்டு பேருக்கும் புத்தி வரும் என்றார்.

துரைக்கண்ணு தினமும் அந்த அலமாரியை முப்பது தடவை திறப்பான். முப்பது தடவையும் புட்டி அவனைப் பார்த்தது.

வைகாசியில் ராசம்மாளுக்கு இருமல் தொடர்ந்து வருவதாகக் கேள்விப்பட்டான். புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஆடியில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆவணியில் அவள் பேருக்குப் பட்டா வந்தது. அதை நெகிழிக் காகிதத்தில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஊருக்குப் போக வேண்டும், பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பான். போனால் இருமலைக் கேட்க வேண்டி வரும். போகவில்லை. சொன்ன பொய் எட்டு மாதத்தில் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. அதை உடைத்தால் அக்காவின் நெஞ்சில் இருக்கிற ஊசியும், அலமாரியில் இருக்கிற ஊசியும், வெள்ளைச் சட்டையும் எல்லாம் சேர்ந்து கொட்டும் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை. கால் போயிற்று.

வடகட்டளையில் வாய்க்கால் வழிந்து தெருவில் முழங்கால் தண்ணீர். ராசம்மாளின் குடிசைக்குச் சுற்றிலும் புதிதாக மண் அணைத்து, மனையின் நாலு மூலையிலும் பூவரசங் கிளை நட்டிருந்தார்கள். உள்ளே அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். இருமி இருமித் துப்பியதில் இரத்தமும் சீழும் கலந்திருந்தது. நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. காச நோய் என்று ஊரில் ஊசி போடுகிறவர் சொல்லிவிட்டார். நாற்பது ஊசி போட்டாயிற்று. முருகையன் பயந்து அவளுடைய தட்டையும் குவளையையும் தனியாக வைத்திருந்தான். பிள்ளைகளைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு ஊசி விஷயமே தெரியாது.

"வாடா" என்றாள். "பட்டா பாத்தியா? ஏ, அந்தப் பானையத் தொறந்து காட்டுங்க."

முருகையன் எடுத்துக் காட்டினான். துரைக்கண்ணு எழுத்தைப் பார்த்தான். ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

"அக்கா, அது வயித்துக்குப் போவல" என்றான்.

மழை கூரையில் அடித்தது.

"தெரியும்" என்றாள். "படுத்தா இந்தப் பக்கம் குத்தும். நீ சொன்னா ஒன் வேல போயிடுமே. பட்டாவும் வரட்டும்னு இருந்தேன்."

அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் ஓடினான். நன்னிலம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். முடிகிற வரை நின்றான். பிறகு அலமாரியைத் திறந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். காரியக்காரர் சொன்ன பட்டம், கட்டாத நூல், ஏறாத பஸ், சோற்று உருண்டை, தகர டப்பா. ஒன்றையும் விடவில்லை.

எத்தனை மாசம் என்று மட்டும் டாக்டர் கேட்டார். எட்டு மாசங்கய்யா என்றான். டாக்டர் கையைக் கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு கடையைப் பூட்டினார். வாடகைக் காரில் வடகட்டளை வாய்க்கால் பாலம் வரை போனார்கள். குடிசையிலிருந்து பாலம் வரை முருகையனும் துரைக்கண்ணுவும் அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் ஊசி தெளிவாக இருந்தது. வலது பக்கம், நெஞ்சுக்கூட்டின் அடியில், கொஞ்சம் சாய்ந்து நின்றது. சுற்றிலும் வெள்ளையாகப் புகை மூட்டம் மாதிரி. அத்தனையும் சீழ் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அன்றைக்கே வந்திருந்தால் குழாய் விட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார். அவர் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். குழாய் விட்டு ஊசியை எடுத்தும் விட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்து நுரையீரல் அழுகிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் ராசம்மாள் போய்விட்டாள்.

அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகையன் கேட்டான்.

"அந்த ஊசி எப்புடி உள்ள போச்சு மாப்ள?"

துரைக்கண்ணு சொன்னான். முருகையன் முழுவதும் கேட்டான். அடிப்பான் என்று துரைக்கண்ணு காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை. முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தனியாக வைத்திருந்த குவளையில் தான் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு, அதே குவளையை அவள் வாயில் வைத்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவன் துரைக்கண்ணுவோடு பேசவில்லை.

காரியம் முடிந்து துரைக்கண்ணு கடைக்கு வந்தான். வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்தான். டாக்டர் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

"ஒன்ன நிறுத்திட்டா எனக்கு மனசு ஆறிடும். அதனால நிறுத்தல" என்றார். "நூல் இருக்கான்னு நான் பாத்திருக்கணும். பஸ்ஸுல நான் ஏறியிருக்கணும். போயி கருவியக் கொதிக்க வையி."

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசியை அதே புட்டியில் போட்டார். இரண்டு ஊசியும் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று பளபளப்பாக, ஒன்று கறுத்து. வந்தவர்கள் என்ன அது என்று கேட்டால் டாக்டர் பதில் சொல்ல மாட்டார். துரைக்கண்ணுவைப் பார்ப்பார். அவன் சொல்வான். ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சொல்வான். சொல்லாமல் இருந்ததற்கு அவன் கட்டிய வட்டி அது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் சில வேலைகள் மாறின. பெஞ்சு தெருப்பக்கம் போயிற்று. அரைத் திரைக்குப் பதில் கதவு வந்தது. ஊசிகளை உள்ளே போகும்போது ஒரு தடவையும், வெளியே வந்த பிறகு ஒரு தடவையும் துரைக்கண்ணு வாய்விட்டு எண்ணுவான். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் நோயாளி நாற்காலியை விட்டு இறங்கலாம். நடவு, களையெடுப்பு என்று போகிற பெண்கள் வந்தால், டாக்டர் சொல்கிற கையைத் தூக்கு என்ற பேச்சோடு விட மாட்டான். குனிந்து காதோரம் சொல்வான். இங்கே இருமலாம், துப்பலாம், டாக்டர் கையைத் தட்டிவிடலாம், இங்கே யாரும் பண்ணை இல்லை என்பான். சொல்லிவிட்டு ஒரு தடவை அவர்களைச் சத்தமாக இருமச் செய்து பார்ப்பான். இருமாதவர்களுக்கு ஊசியைத் தொட மாட்டான். பைத்தியக்காரன் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். காரியக்காரர் இராஜாங்கமும் பிறகு ஒரு தடவை பல்லுக்கு வந்தார். அவருக்கும் அதே நூல், அதே முடிச்சு, அதே எண்ணிக்கை. அவரையும் இருமச் சொன்னான். அவர் இருமினார்.

ஆறு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முருகையன் வந்தான். தாடை வீங்கியிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. துரைக்கண்ணுவைப் பார்க்காமல் டாக்டரிடம் பல்லைக் காட்டினான். வேரில் சீழ். டாக்டர் ஊசி கேட்டார்.

துரைக்கண்ணு நூலை வெட்டினான். விரல் நடுங்கியது. முதல் நாள் டாக்டர் நீட்டச் சொல்லிப் பார்த்த விரல், அன்றைக்குத்தான் முதல் தடவையாக நடுங்கியது. முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

நாற்காலியில் மல்லாந்திருந்த முருகையன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கட்டிட்டியா?"

துரைக்கண்ணு ஊசியை அவன் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினான். முடிச்சை இழுத்துக் காட்டினான். கழுத்துத் துண்டில் மாட்ட வேண்டிய நூல் நுனியை மாட்டாமல், முருகையனின் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்களே புடிச்சிக்குங்க மச்சான்" என்றான்.

முருகையன் நூலை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டான். அரை மணி நேரம் வேலை நடந்தது. ஊசி போனது, வந்தது. துரைக்கண்ணு எண்ணினான். சரியாக இருந்தது. டாக்டர் போதும் என்று எழுந்த பிறகும் முருகையனின் கை திறக்கவில்லை. விரல் நுனி இரத்தம் கட்டி நீலமாக இருந்தது. துரைக்கண்ணு குனிந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தான்.

இன்னும் இரண்டு தடவை வர வேண்டும், அடுத்தது வெள்ளிக்கிழமை என்று டாக்டர் சொன்னார். முருகையன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துரைக்கண்ணு வழக்கத்தைவிட முன்னதாகவே கடையைத் திறந்தான். ஒன்றரை அடி நூல் வெட்டித் தட்டில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். பத்தரை மணிக்கு முருகையன் வந்தான்.